பழகிய கை ஏன் மறுக்கிறது?

2001-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள். லண்டன் மாநகரிலுள்ள லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்துக் கவுண்டி அணிகளின் ஒருநாள் கோப்பை இறுதிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. லெஸ்டர்ஷயர் அணியின் வேகப் பந்து வீச்சாளர் ஸ்காட் பாஸ்வெல் தமது இரண்டாவது ஓவரைத் தொடங்கினார். ஒரு ஓவருக்கு ஆறு பந்துகள்தாமே? அந்த ஓவர் பதினான்கு பந்துகள் வரை நீண்டது! எட்டுப் பந்துகள் ஆட்டக்காரருக்கு எட்டாமல் விலகிச் சென்ற ‘வைடு’ பந்துகள். அவர் வேகமாக வீசிப் பார்த்தார். மெதுவாக வீசிப் பார்த்தார். பந்து அவர் சொல்லைக் கேட்கவில்லை. கூட்டத்தினர் முதலில் சிரித்தனர். பிறகு அவர்களே வருந்தி அமைதியாகிவிட்டனர்.

பாஸ்வெல் புதியவர் அல்லர். இறுதிப் போட்டிக்கு அணி வந்து சேர அரையிறுதியில் உதவியவர்களுள் அவரும் ஒருவர். ஆயிரக்கணக்கான முறை செய்து பழகிய செயல் அது. அன்று காலை அவருடைய தோளில் காயமில்லை, கையில் வலியில்லை. ஆயினும் பந்தை எந்தக் கணத்தில் கையிலிருந்து விடவேண்டும் என்பதை அவருடைய உடல் அறியாததுபோல் நடந்துகொண்டது. அதன் பின்னர் அவர் உயர்நிலைக் கிரிக்கெட்டில் நிலைக்கவில்லை.

இதைப் போன்ற நிகழ்ச்சிகளை நாம் ‘பயந்துவிட்டான்’, ‘திமிர் பிடித்துவிட்டது’, ‘கண்ணேறு பட்டுவிட்டது’ என்றெல்லாம் சொல்லி முடித்துவிடுகிறோம். பள்ளி விளையாட்டு விழாவில் கோட்டருகே வந்து நின்றுவிடும் உயரத் தாண்டல் மாணவனைப் பார்த்து ஆசிரியர் ஒருவர் ‘கோழை’ என்று ஏசுவதை நீங்களும் கேட்டிருக்கலாம். உண்மையில் அங்கே நடப்பது என்ன? உடலியலும் உளவியலும் சேர்ந்து கடந்த நாற்பது ஆண்டுகளில் இக்கேள்விக்கு ஓரளவு தெளிவான விடையைத் தந்திருக்கின்றன.

முதலில் சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். பந்து வீச்சாளரின் கையை விட்டுப் புறப்படும் பந்து ஏறக்குறைய 18 மீட்டர் தூரம் சென்று விக்கெட்டை அடைகிறது. புறப்படும் திசை ஒரே ஒரு பாகை பிறழ்ந்தது என்று கொள்வோம். 18 மீட்டர் தொலைவில் பந்து சுமார் 31 சென்டிமீட்டர் விலகிப் போயிருக்கும். மூன்று குச்சிகளும் சேர்ந்த விக்கெட்டின் முழு அகலமே 23 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவுதான்! ஆகவே நல்ல பந்து வீச்சாளர் என்பவர், ஓடிவரும் வேகத்தில், சுழலும் கையின் முனையில், ஒரு பாகைக்கும் குறைவான பிழையுடன் நாள் முழுவதும் பந்தை விடுவிப்பவர். இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால் அவரால் விடை சொல்ல முடியாது. சொல்ல முடியாது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

நீங்கள் சைக்கிள் ஓட்டப் பழகிய நாட்களை நினைத்துப் பாருங்கள். கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்புவது, எப்போது மிதிப்பது, எங்கே பார்ப்பது என்று ஒவ்வொன்றையும் மனத்துக்குள் சொல்லிக்கொண்டே ஓட்டினீர்கள்; விழுந்தீர்கள். சில வாரங்களில் அந்தச் சொற்களெல்லாம் மறைந்துபோயின. இன்று நண்பனோடு பேசிக்கொண்டே ஓட்டுகிறீர்கள். புதிய செயலைக் கற்கும்போது பெருமூளையின் முன்பகுதி மிகுதியாக உழைக்கிறது. செயல் பழகப் பழக, அந்தப் பொறுப்பு மூளையின் ஆழத்திலுள்ள நரம்பணுத் திரள்களுக்கும், பின்புறமுள்ள சிறுமூளைக்கும், தசைகளுக்கு ஆணையிடும் பகுதிகளுக்கும் பெயர்கிறது. தனித்தனியாக இருந்த பத்து அசைவுகள் ஒன்றோடொன்று பிணைந்து ஒரே கோவையாகிவிடுகின்றன. கோவையின் முதல் கண்ணியை இழுத்தால் போதும். மற்றவை தாமாகவே தொடர்ந்து வரும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனமும் உண்டு. பழகிய கோவைக்குள் நனவு மனம் மீண்டும் தலையிட்டால் கண்ணிகள் கழன்று தனித்தனியாகிவிடுகின்றன. மாடிப்படியில் வேகமாக இறங்கும்போது, ‘இப்போது எந்தக் காலை வைக்கிறேன்?’ என்று கவனித்துப் பாருங்கள். கால் தடுமாறும். (கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு செய்து பாருங்கள்!)

அமெரிக்க உளவியலாளர் சியான் பைலாக்கும் அவருடைய கூட்டாளிகளும் 2002-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதை அழகாகக் காட்டுகிறது. தேர்ந்த கால்பந்து ஆட்டக்காரர்களைக் கூம்புகளுக்கிடையே வளைந்து வளைந்து பந்தை உருட்டிச் செல்லச் சொன்னார்கள். ஒரு முறை, பந்தைத் தொட்டது பாதத்தின் எந்தப் பக்கம் என்று கவனிக்கச் சொன்னார்கள். மற்றொரு முறை, ஒலிபெருக்கியில் வரும் சொற்களில் குறிப்பிட்ட ஒரு சொல் வருகிறதா என்று கேட்கச் சொன்னார்கள். கவனம் பாதத்தில் இருந்தபோது ஆட்டம் மந்தமாயிற்று. காது வேறெங்கோ இருந்தபோது ஆட்டம் நன்றாக இருந்தது! அதே ஆட்டக்காரர்கள் பழக்கமில்லாத இடக்காலால் உருட்டியபோது நிலைமை தலைகீழாக மாறியது. அப்போது பாதத்தைக் கவனிப்பதே உதவிற்று. கற்பவனுக்கு மருந்தாக இருப்பது கற்றவனுக்கு நஞ்சாகிறது எனலாம்.

பிரிட்டனில் ரிச் மாஸ்டர்ஸ் என்பவர் 1992-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. கோல்ஃப் ஆட்டத்தில் பந்தைக் குழிக்குள் தட்டும் திறனை ஒரு குழுவினருக்கு விதிகளோடு விளக்கமாகக் கற்பித்தார். மற்றொரு குழுவினரை, பயிற்சி நேரம் முழுவதும் எழுத்துகளைத் தாறுமாறாக உரக்கச் சொல்லிக்கொண்டே தட்டச் செய்தார். அவர்கள் மனத்தில் விதி எதுவும் தங்க இடமில்லை. பிறகு இரு குழுவினரையும் பணப் பரிசு, பார்வையாளர் என்ற நெருக்கடிக்கு உட்படுத்தியபோது, விதிகளை அறிந்தவர்கள் தடுமாறினர். விதி அறியாதவர்களோ தொடர்ந்து முன்னேறினர். நெருக்கடி வந்தவுடன் மனிதன் தன் அறிவைத் தேடுகிறான். தேடுவதற்கு அறிவு இருந்தால், அதுவே காலை வாரிவிடுகிறது.

‘அப்படிச் செய்துவிடாதே’ என்ற எச்சரிக்கைக்கும் இதில் பங்கு உண்டு. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் துணைவர்களும் 1998-இல் கோல்ஃப் தட்டலில் இதைச் சோதித்தனர். ‘பந்து குழியைத் தாண்டிப் போகக் கூடாது’ என்று சொல்லி, கூடவே ஆறு இலக்க எண் ஒன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னபோது, பந்து குழியைத் தாண்டித்தான் போயிற்று. ஒன்றைத் தவிர்க்க வேண்டுமானால், அது நேர்கிறதா என்று மூளையின் ஒரு மூலை காவல் காத்துக்கொண்டே இருக்க வேண்டும். மனம் களைத்திருக்கும் வேளையில் அந்தக் காவற்காரனே திருடனுக்குக் கதவைத் திறந்துவிடுகிறான். நம் ஊர்ப் பயிற்சியாளர்கள் எல்லைக் கோட்டருகே நின்று, ‘கோட்டைத் தாண்டாதே, கோட்டைத் தாண்டாதே’ என்று கத்துவதன் பலன் என்னவாக இருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு தவறான உதாரணத்தை விலக்கிவிடுவது நல்லது. மனத்தடை பற்றிப் பேசுவோர் அனைவரும் ரோஜர் பானிஸ்டரின் கதையைச் சொல்வர். ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிடத்துக்குள் ஓடுவது மனிதனால் இயலாது என்று எல்லோரும் நம்பியிருந்தார்களாம். 1954 மே 6-இல் ஆக்ஸ்ஃபோர்டில் அவர் 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடியதும் தடை உடைந்து, உடனே பலரும் ஓடிவிட்டார்களாம். 46 நாள் கழித்து ஆஸ்திரேலியரான ஜான் லாண்டி ஓடினார் என்பது மெய். ஆனால் அந்த ஆண்டு முழுவதும் வேறு எவரும் ஓடவில்லை. லாண்டியோ பானிஸ்டருக்கு முன்பே பலமுறை நான்கு நிமிடத்தை இரண்டு மூன்று விநாடி வரை நெருங்கியவர். போர்க் காலத்திலேயே ஸ்வீடன் நாட்டு ஓட்டக்காரர் 4 நிமிடம் 1.4 விநாடிக்கு வந்துவிட்டார். சாதனை படிப்படியாகவே குறைந்து வந்தது. கேட்க இனிமையான கதைதான்; ஆனால் நாம் பேசும் தடை அதுவன்று. நம்முடைய வினா, இதுவரை முடியாத ஒன்றைப் பற்றியதன்று. நேற்று வரை முடிந்தது இன்று ஏன் முடியவில்லை என்பதே.

ஒரு விநாடியில் 900 பாகை

இத்தடையின் மிக ஆபத்தான வடிவம் ஜிம்னாஸ்டிக்ஸில் தோன்றுகிறது. 2021 ஜூலை 27 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் மகளிர் குழு இறுதிப் போட்டி. அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ் தாண்டு மேசையை நோக்கி ஓடினார். ஏற்கெனவே நான்கு ஒலிம்பிக் தங்கமும், உலகப் போட்டிகளில் 25 பதக்கங்களும் பெற்றவர் அவர். மேசையிலிருந்து எழும்பி, அந்தரத்தில் கரணமடித்தவாறே உடலை இரண்டரை முறை முறுக்கிச் சுழன்று தரையில் ஊன்றுவது திட்டம். ஆனால் ஒன்றரைச் சுழற்சியிலேயே உடல் விரிந்துவிட்டது. நிலை தடுமாறி எப்படியோ காலூன்றினார். சிறிது நேரத்தில் போட்டியிலிருந்து விலகிக்கொள்வதாக அறிவித்தார்.

காற்றில் இருக்கும்போது மேல் எது, கீழ் எது என்றே தெரியவில்லை என்று அவர் பின்னர் விளக்கினார். ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்கள் இதற்கு ‘ட்விஸ்டீஸ்’ என்று செல்லப் பெயர் போல ஒன்றை வைத்திருக்கிறார்கள். பெயர்தான் விளையாட்டானது, விளைவு அப்படியன்று.

அந்தரத்தில் அவர் இருக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு விநாடி. இரண்டரைச் சுழற்சி என்பது 900 பாகை. கண்ணால் கண்ட ஒன்றை உணர்ந்து, முடிவெடுத்து, தசையை அசைக்க மனிதனுக்குச் சுமார் ஐந்தில் ஒரு விநாடி தேவை. அந்த ஐந்தில் ஒரு விநாடிக்குள் அவருடைய உடல் 180 பாகை, அதாவது முன்பக்கம் பின்பக்கமாகத் திரும்பிவிட்டிருக்கும். எனவே ‘பார்த்து, நினைத்து, செய்வது’ என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. காதினுள் உள்ள மூன்று அரைவட்டக் குழல்கள் சுழற்சியை அறிவிக்கின்றன. தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு நுனிகள் கைகால்களின் நிலையை அறிவிக்கின்றன. கண் அவ்வப்போது மின்னி மறையும் தரையையும் விளக்கையும் அறிவிக்கிறது. இவை எல்லாவற்றையும், ‘இந்தக் கணத்தில் இப்படி இருக்க வேண்டும்’ என்று முன்கூட்டியே வரைந்து வைத்த படத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்வது சிறுமூளையின் வேலை என்று அறிவியலார் கருதுகின்றனர். இந்தப் படத்துக்கும் புலன்கள் தரும் செய்திக்கும் உள்ள இணைப்பு அறுந்தால், வீரர் இருட்டறையில் தூக்கி எறியப்பட்டவர் போல் ஆகிவிடுகிறார். அவர் விழும் வேகமோ குறைவதில்லை.

‘ஒரு முறை தவறினால் என்ன, மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு மறுபடியும் தாண்ட வேண்டியதுதானே?’ என்று அன்று பலரும் கேட்டார்கள். அவர்களுக்கு எலெனா முகினாவின் பெயர் தெரிந்திருக்காது. 1978-இல் உலக வெற்றி வீராங்கனையாக விளங்கிய சோவியத் பெண் அவர். கால் முறிவு முழுவதும் குணமாகும் முன்பே மீண்டும் கடும் பயிற்சிக்கு உட்படுத்தப்பட்டார். முறுக்கும் கரணமும் கலந்த ஒரு கடினமான தாண்டல் தமக்கு ஆபத்தானது என்று அவரே எடுத்துச் சொல்லியும் பயன் இல்லை. 1980 ஜூலை 3-ஆம் நாள், மாஸ்கோ ஒலிம்பிக் தொடங்கப் பதினாறு நாட்களே இருந்தபோது, மின்ஸ்க் நகரில் பயிற்சியின்போது தலைகுப்புற விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்தது. அப்போது அவருக்கு வயது இருபது. கைகால் செயலற்றவராகவே வாழ்ந்து 2006-இல் மறைந்தார். அவருக்கு நேர்ந்தது மனத்தடை அன்று. ஆனால், உடல் ‘வேண்டாம்’ என்று சொல்லும்போது அதைக் கேட்காமல் தாண்டினால் என்ன நேரும் என்பதை அந்த விபத்து காட்டிவிட்டது. அந்த வகைத் தாண்டல் பிற்காலத்தில் தடை செய்யப்பட்டது.

ட்ராம்போலின் என்னும் துள்ளு விரிப்பில் பயிலும் பிரிட்டிஷ் வீரர்களிடையே ஆய்வு செய்தவர்கள் மற்றொன்றையும் கவனித்திருக்கிறார்கள். நன்றாகத் தெரிந்த ஒரு சுழற்சி திடீரென்று ‘தொலைந்துபோகும்’போது, அதை வற்புறுத்தி மீட்க முயன்றால் தடை அத்தோடு நிற்பதில்லை, அடுத்தடுத்த அசைவுகளுக்கும் பரவுகிறது. கிழிசலை இழுத்துப் பார்ப்பது போன்ற காரியம் அது.

கையா, மனமா?

எல்லாத் தடைகளையும் மனத்தின் கணக்கிலேயே எழுதிவிடவும் முடியாது. கோல்ஃப் ஆட்டக்காரர்களிடையே ‘யிப்ஸ்’ என்றொரு தொல்லை உண்டு. 1927-இல் அமெரிக்க ஓப்பன் போட்டியில் வென்ற டாமி ஆர்மர் இச்சொல்லைப் பரப்பியவர். நூற்றைம்பது மீட்டர் தூரம் பந்தைத் துல்லியமாக அடிப்பவர், ஒரு மீட்டர் தொலைவிலுள்ள குழிக்குள் மெல்லத் தட்டும்போது மணிக்கட்டு வெட்டி இழுக்கும். அமெரிக்காவின் மாயோ கிளினிக் ஆய்வாளர்கள் இவர்களைச் சோதித்து, இதில் இரண்டு வகை உண்டு என்றும், அவை ஒன்றிலிருந்து மற்றொன்றாகப் படிப்படியாக மாறும் இரு முனைகள் என்றும் 2003-இல் எழுதினர். ஒரு முனையில் இருப்பது நெருக்கடியால் வரும் பதற்றம். மறுமுனையில் இருப்பது நரம்புக் கோளாறு. இந்த இரண்டாம் வகையினர் சிலரிடம், முன்கையின் மடக்கும் தசைகளும் நீட்டும் தசைகளும் ஒரே நேரத்தில் சுருங்குவது பதிவாகியிருக்கிறது. வண்டியில் முடுக்கியையும் தடையையும் சேர்த்து மிதித்தால் எப்படி இருக்குமோ அப்படி.

எழுத்தர்களுக்குப் பேனா பிடிக்கும்போது மட்டும் விரல் முறுக்கிக்கொள்ளும் நோயும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. சோறு பிசைய, பொத்தான் போட, அதே விரல்கள் நன்றாக வேலை செய்யும். எழுத மட்டும் வராது. லியான் ஃப்ளைஷர் என்ற புகழ்பெற்ற பியானோ கலைஞருக்கு 1960-களின் நடுவில் வலக்கை விரல்கள் இவ்வாறு சுருண்டுகொண்டன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இடக்கைக்கென்று இயற்றப்பட்ட இசையை வாசித்தும், பாடம் நடத்தியும் காலம் கழித்தார். பின்னர் ஊசி மருந்து மூலம் தசை இறுக்கத்தைத் தளர்த்தி இரு கைகளாலும் வாசித்தார். ஒரே நுண்ணிய அசைவை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்வதால், மூளையில் விரல்களுக்குரிய பகுதிகளின் எல்லைக்கோடுகள் கலங்கிவிடுகின்றன என்பது ஒரு விளக்கம். அப்படிப்பட்டவரிடம் ‘தைரியமாக இரு’ என்று சொல்வது, கண்ணாடி தேவைப்படுபவனை ‘உற்றுப் பார்’ என்று அதட்டுவதற்கு ஒப்பாகும்.

எறியம்பு ஆட்டத்தில் ஐந்து முறை உலக வெற்றி வீரரான எரிக் பிரிஸ்டோ 1980-களின் பிற்பகுதியில் அம்பைக் கையிலிருந்து விட முடியாமல் தவித்தார். வில்வித்தையில் இது வேறு உருவில் வரும். குறியின் பொன்வட்டத்தில் பார்வை படும் முன்பே விரல் தானாக நாணை விட்டுவிடும். அல்லது வில் பொன்வட்டத்துக்குக் கீழேயே உறைந்து நின்றுவிடும், மேலே ஏறவே ஏறாது. இதை ‘இலக்கு பீதி’ என்கிறார்கள். வில்லாளர்கள் இதற்குக் கையாளும் பழைய வைத்தியம் எளிமையானது. எனினும் அறிவுக்குப் பொருத்தமானது. குறிவட்டத்தை எடுத்துவிட்டு, சில அடி தூரத்தில் வெறும் வைக்கோல் திண்டை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு எய்யச் சொல்வார்கள். குறி இல்லையென்றால் தவறுவதற்கு ஒன்றுமில்லை. வாரக்கணக்கில் இப்படி எய்து, தசைகளின் உணர்வு தெளிந்த பிறகே பெரிய குறிவட்டம், பிறகு சிறியது, பிறகு தூரம் என்று கூட்டிச் செல்வர். பீதியும் செயலும் பிணைந்திருக்கும் முடிச்சை, பீதி எழாத சூழலில் செயலை மட்டும் நடத்திக்காட்டி அவிழ்க்கும் முறை இது.

சிமோன் பைல்ஸ் செய்ததும் ஏறக்குறைய இதுவே. குழுப் போட்டியிலிருந்து விலகிய பிறகு டோக்கியோவிலேயே ஒரு பல்கலைக்கழகப் பயிற்சிக்கூடத்துக்குச் சென்று, மென்மையான பரப்புகளின்மீது விழுந்து விழுந்து பார்த்தார். முறுக்குச் சுழற்சி திரும்பவில்லை. எனவே தனிநபர் போட்டிகளில் நான்கை விட்டுக்கொடுத்தார். ஆகஸ்டு 3-ஆம் தேதி, சமநிலைக் கட்டைப் போட்டியில் மட்டும் இறங்கினார். கட்டையிலிருந்து குதித்து இறங்கும்போது வழக்கமாகச் செய்யும் முறுக்கை நீக்கிவிட்டு, நேராகக் கரணமடித்து இறங்கினார். வெண்கலம் கிடைத்தது. அதன்பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் போட்டிக்கே வராமல், மனநல ஆலோசகரின் உதவியோடு அடிப்படையிலிருந்து தொடங்கினார். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றார். அவற்றுள் ஒரு தங்கம் தாண்டு மேசையில்! இந்த இரண்டு ஆண்டு இடைவெளியைக் காணாமல் பதக்கத்தை மட்டும் காண்பவர்கள் பாதிக் கதையைத்தான் அறிவர்.

எல்லோருக்கும் தொலைந்தது திரும்புவதில்லை. பேஸ்பால் ஆட்டத்தில் ரிக் அன்கியல் என்ற இளைஞர் 21 வயதில் அமெரிக்காவின் சிறந்த வீச்சாளர்களுள் ஒருவராக எண்ணப்பட்டவர். 2000 அக்டோபர் 3-இல் ஒரு முக்கியப் போட்டியில், ஒரே பகுதி ஆட்டத்தில் ஐந்து பந்துகளைப் பிடிப்பவர் கைக்கும் எட்டாமல் எறிந்துவிட்டார். நான்கு ஆண்டுகளுக்கு மேல் போராடியும் அந்தக் கை திரும்பவில்லை. 2005-இல் வீச்சையே விட்டுவிட்டு, மட்டையாளராகவும் எல்லைக் காவலராகவும் மாறி, கீழ்நிலை அணிகளில் புதியவனைப் போல் ஆடத் தொடங்கினார். 2007 ஆகஸ்டில் பெரிய அணிக்குத் திரும்பிய முதல் ஆட்டத்திலேயே பந்தை அரங்கின் இருக்கைகளுக்குள் அடித்தார். அறிவியலுக்குச் சுவையான செய்தி அதற்குப் பிறகு வருகிறது. 2008 மே மாதத்தில் டென்வர் நகரில், மைதானத்தின் ஆழத்திலிருந்து இரண்டு முறை பந்தை எறிந்து, ஓடிவந்த இருவரை வெளியேற்றினார். 18 மீட்டருக்கு எறிய மறுத்த அதே கை, அதைப்போல் பல மடங்கு தூரத்துக்கு அம்பு போல் எறிந்தது! எல்லைக் காவலர் ஓடிவந்து, பந்தை எடுத்து, யோசிக்க நேரமின்றி எறிகிறார். வீச்சாளரோ எல்லோர் கண்ணும் தம்மேல் இருக்க, நின்று நிதானித்து எறிகிறார். தடை இருந்தது தோளில் அன்று, அந்த நிதானத்தில்.

ஆகவேதான் பல பயிற்சியாளர்கள் அந்த நிதான நேரத்தை வேறு ஏதாவது ஒன்றால் நிரப்பிவிடுகிறார்கள். டென்னிஸ் வீரர்கள் பந்தைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தரையில் தட்டிவிட்டு அடிப்பதையும், கூடைப்பந்தாட்டக்காரர் மூச்சை விட்டுவிட்டு எறிவதையும் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். அது மூடநம்பிக்கை போலத் தோன்றினாலும், கோவையின் முதல் கண்ணியாக அமைந்துவிடுகிறது. கனடா நாட்டு ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸ், சிறந்த வீரர்கள் செயலைத் தொடங்குமுன் கண்ணைக் குறியின் ஒரே புள்ளியில் சிறிது நேரம் அசையாமல் நிறுத்துகிறார்கள் என்று கண்டறிந்து, அதையே பயிற்சியாக்கினார். கவனத்தைக் கைமேல் அல்லாமல் பந்துமேலும் குறிமேலும் வைக்கச் செய்வதே இவை யாவற்றின் உட்பொருள். ஜெர்மனியில் யூர்கன் பெக்மன் குழுவினர் 2013-இல் சொன்ன உபாயம் இன்னும் வேடிக்கையானது. வலக்கைப் பழக்கமுள்ள ஆட்டக்காரர் செயலுக்கு முன் இடக்கையில் ஒரு மென்பந்தைச் சிறிது நேரம் பிசைந்தால் நெருக்கடியில் தடுமாற்றம் குறைகிறது என்று கால்பந்து, டேக்வாண்டோ, பூப்பந்து ஆட்டக்காரர்களிடம் கண்டனர். இடக்கையை இயக்குவது மூளையின் வலப்பாதி. அது விழிக்கும்போது, சொற்களால் நச்சரிக்கும் இடப்பாதி அடங்குகிறது என்பது அவர்கள் தரும் காரணம். பலன் கண்டது உண்மை. காரணம் இதுதானா என்பது இன்னும் முடிந்த முடிபு அன்று.

அச்சத்தை வேறோர் இடத்தில் சந்தித்துப் பழகுவதும் உண்டு. துப்பாக்கி சுடும் நம் நாட்டு வீரர் அபினவ் பிந்த்ரா 2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் ஏழாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு முன், சிறப்புப் படையினர் பயன்படுத்தும் 40 அடி உயரக் கம்பம் ஒன்றில் ஏறியதாகத் தம் சுயசரிதையில் கூறியிருக்கிறார். ஏற ஏறக் கம்பம் ஆடும். உச்சியில் கால் வைக்கச் சிறு பலகை அளவே இடம். பாதியில் நடுங்கி நின்று, பிறகு ஏறி முடித்தாராம். 2008 ஆகஸ்டு 11-இல் கடைசிச் சுடுதலுக்கு முன் அவரும் பின்லாந்து வீரரும் சம நிலையில் இருந்தனர். பிந்த்ரா 10.8 புள்ளி எடுத்தார். பின்லாந்து வீரர் 9.7. கம்பம்தான் தங்கம் தந்தது என்று நான் சொல்ல வரவில்லை. உள்ளங்கை வியர்த்து இதயம் படபடக்கும்போதும் செயல் நடக்கும் என்பதை உடல் ஒரு முறை அனுபவித்திருப்பது வீண்போகாது என்பதே உளவியலார் கருத்து.

ஜெர்மானியரான பெர்ன்ஹார்ட் லாங்கர் கண்ட வழியோ வேறு. இளமையிலேயே கோல்ஃப் ‘யிப்ஸ்’ பிடித்து, பின்னும் சில முறை திரும்பி வந்து அவரை வாட்டியது. அவர் அதனோடு மல்லுக்கு நிற்கவில்லை; ஒவ்வொரு முறையும் பிடியை மாற்றிக்கொண்டார். குறுகிய தட்டல்களுக்குக் கைகளை மேலும் கீழுமாக மாற்றிப் பிடித்து 1985-இல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் கோப்பையை வென்றார். பின்பு இடது முன்கையோடு கோலைச் சேர்த்து வலக்கையால் இறுக்கிப் பிடித்து 1993-இல் மீண்டும் வென்றார். பழைய அசைவில்தான் கோளாறு பதிந்திருக்கிறது. புதிய பிடி மூளைக்குப் புதிய அசைவு. கோளாறு அதைக் கண்டுபிடிக்கச் சில ஆண்டுகள் ஆகும் போலும்! 1990-களின் பிற்பகுதியில் மார்பில் ஊன்றிப் பிடிக்கும் நீண்ட கோலுக்கு மாறினார். 2016 தொடக்கத்தில் கோலை உடம்பில் ஊன்றக் கூடாது என்று விதியே வந்துவிட்டது. லாங்கர் அதே நீண்ட கோலை மார்பிலிருந்து சற்று விலக்கிப் பிடித்துத் தட்டப் பழகினார். 2023 ஜூலையில், தமது 65-ஆம் வயதில், மூத்தோருக்கான அமெரிக்க ஓப்பன் போட்டியை வென்றார். அமெரிக்க மூத்தோர் சுற்றில் அது அவருடைய 46-ஆவது வெற்றி. அதற்கு முன் அத்தனை வெற்றிகளை அங்கு எவரும் பெற்றதில்லை.